காத்திருக்கும் நேரத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்

பிரவுசரில் ஓர் இணையதளத்தின் முகவரியை டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். சிறிய வட்டம் ஒன்று சுற்றத் தொடங்குகிறது. பத்து விநாடி ஆகிறது. இருபது விநாடி ஆகிறது. தளம் வரவும் இல்லை, "வராது" என்ற பதிலும் இல்லை. இன்டர்நெட் இணைப்பில் கோளாறு என்று நினைத்து மோடத்தை அணைத்துப் போடுகிறீர்கள். மற்ற தளங்கள் எல்லாம் உடனே திறக்கின்றன. இந்த ஒன்று மட்டும் சுற்றிக் கொண்டே இருக்கிறது.

இது போன்ற நேரங்களில் குற்றம் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. அந்தத் தளத்தின் பின்னால் ஓடும் புரோகிராம், வேறொரு கம்ப்யூட்டரிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்துக் கொண்டிருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அந்தப் புரோகிராமை எழுதியவர் சொல்லியிருக்க மாட்டார்.

இன்று கம்ப்யூட்டர் வாங்கும் பலர் சில மாதங்களிலேயே பி.எச்.பி. கற்கத் தொடங்கிவிடுகிறார்கள். கற்பது எளிது, செலவு இல்லை, வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்பதால் இது நல்ல தேர்வுதான். ஆனால் நெட்வொர்க்கில் பேசும் புரோகிராம்களை நாம் கற்கும் முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. இணைப்பது எப்படி, அனுப்புவது எப்படி, படிப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதைக் கடைசிப் பாடத்தில் வைக்கிறார்கள், அல்லது விட்டே விடுகிறார்கள். அது முதல் பாடத்திலேயே வர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பார்ப்போம்.

சாக்கெட் என்பது என்ன?

இரண்டு கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியாகப் பேசிக் கொள்ள, இரண்டு பக்கமும் ஒரு முனை வேண்டும். தொலைபேசியில் பேச இரண்டு பக்கமும் ஒரு கருவி இருப்பதைப் போல. இந்த முனைக்குத்தான் சாக்கெட் என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1983ல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் பதிப்பில் இது பரவலாக அறிமுகமானது. அதன் அடிப்படை முறையே இன்றும் விண்டோஸ், லினக்ஸ், மொபைல் போன் என எல்லா இடங்களிலும் பயன்படுகிறது.

ராஸ்மஸ் லெர்டார்ப் 1994ல் தன் சொந்தத் தளத்துக்காக எழுதத் தொடங்கி, 1995ல் வெளியிட்ட பி.எச்.பி. மொழியிலும் இதே சாக்கெட்டுகளைக் கையாளலாம். அதற்கான பங்ஷன்களின் பெயர்களே வேலையைச் சொல்லிவிடும். சாக்கெட் கிரியேட் என்பது முனையை உருவாக்கும். சாக்கெட் கனெக்ட் எதிர்முனையுடன் இணைக்கும். சாக்கெட் ரைட் அனுப்பும். சாக்கெட் ரீட் வந்ததைப் படிக்கும். புரோகிராமில் டைப் செய்யும்போது இந்தச் சொற்களுக்கு இடையே இடைவெளி விடாமல் அன்டர்ஸ்கோர் என்னும் அடிக்கோடு இட வேண்டும்.

இவற்றோடு இன்னொரு பங்ஷனும் உண்டு: சாக்கெட் செட் ஆப்ஷன். சாக்கெட் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்று நாம் கட்டளை இடுவது இதன் வழியாகத்தான். மின்விசிறிக்கு ரெகுலேட்டர் போல. விசிறி ரெகுலேட்டரைத் தொடாமலும் சுற்றும். ஆனால் எந்த வேகத்தில் என்பதை முன்பு யாரோ வைத்துவிட்டுப் போன நிலைதான் தீர்மானிக்கும்.

டிபால்ட் என்பது யாருடைய முடிவு?

நாம் எதுவும் சொல்லாதபோது புரோகிராம் தானாக எடுத்துக் கொள்ளும் மதிப்புக்கு டிபால்ட் என்று பெயர். புதிதாகக் கற்பவர்கள் டிபால்ட் என்றால் பாதுகாப்பானது, வல்லுநர்கள் யோசித்து வைத்தது என்று எண்ணுகிறார்கள். காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை சரியல்ல. பி.எச்.பி. என்ற ஒரே மொழிக்குள் எத்தனை விதமான டிபால்ட்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

சாக்கெட் ரீட் பங்ஷனைப் பயன்படுத்தினால், டிபால்ட்டாகக் கால வரம்பே கிடையாது. எதிர்முனை இணைப்பைத் துண்டிக்காமல் மவுனமாக இருந்தால் புரோகிராமும் அப்படியே நிற்கும்.

எப்சாக்ஓப்பன் போன்ற ஸ்ட்ரீம் வகைப் பங்ஷன்களைப் பயன்படுத்தினால், பி.எச்.பி. ஐ.என்.ஐ. என்னும் செட்டிங்ஸ் பைலில் உள்ள டிபால்ட் சாக்கெட் டைம் அவுட் என்ற மதிப்பு பொருந்தும். அது 60 விநாடி.

கர்ல் லைப்ரரியைப் பயன்படுத்தினால், இணைப்பு ஏற்படுவதற்கு 300 விநாடி, அதாவது 5 நிமிடம், வரை காத்திருக்கும். இணைந்த பிறகு மொத்த வேலைக்கான வரம்பு டிபால்ட்டாக பூஜ்யம். இங்கே பூஜ்யம் என்றால் காத்திருக்காதே என்று பொருள் அல்ல. வரம்பே இல்லை என்று பொருள்.

ஒரே வேலைக்கு மூன்று வழிகள். மூன்றுக்கும் மூன்று விதமான பொறுமை. இவற்றை வைத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். உங்கள் புரோகிராம் என்ன செய்யப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெரிய பைலை இரவு முழுக்க டவுன்லோட் செய்யும் புரோகிராமுக்கும், வாடிக்கையாளர் திரையைப் பார்த்துக் கொண்டிருக்கும்போது ஒரு விலையைக் கேட்டு வாங்கும் புரோகிராமுக்கும் ஒரே மதிப்பு பொருந்தாது. அதனால் யாரையும் அவசரப்பட்டுத் துண்டிக்காத அளவுக்கு மதிப்பைத் தாராளமாக வைத்துவிட்டு, மீதியை உங்கள் கையில் விட்டிருக்கிறார்கள். அந்தப் பொறுப்பை நாம் எடுத்துக் கொள்ளாமல் இருப்பதுதான் பிரச்னை.

ஐந்து பேர் போதும், தளம் நிற்கும்

"ஒருவருக்குச் சற்று நேரம் ஆனால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. ஆனால் அது அப்படி நிற்பதில்லை. ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம்.

நகைக்கடை ஒன்றுக்கு நீங்கள் இணையதளம் செய்து தருகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். முகப்புப் பக்கத்தில் அன்றைய தங்க விலை வர வேண்டும். அதை வேறொரு சர்வரிடம் கேட்டு வாங்கிக் காட்டுகிறீர்கள். தளம் உள்ள சர்வரில் பி.எச்.பி. புரோகிராம்களை இயக்குவது பி.எச்.பி. எப்.பி.எம். என்னும் சாஃப்ட்வேர். இது ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு வேலை செய்யும் என்பதற்கு ஓர் உச்ச எண் உண்டு. இதனுடன் தரப்படும் மாதிரி செட்டிங்ஸ் பைலில் அந்த எண் 5 என்று இருக்கும்.

ஒரு நாள் விலை தரும் சர்வர் திணறுகிறது. இணைப்பை ஏற்றுக் கொள்கிறது, பதில் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும் ஒரு பணியாளர் 60 விநாடி நிற்கிறார். ஐந்து பேர் திறந்தால் ஐந்து பணியாளர்களும் நின்றுவிட்டார்கள். ஆறாவதாக வருபவர் விலையைப் பார்க்க வரவில்லை. கடையின் போன் நம்பரைத் தெரிந்து கொள்ள வருகிறார். அவருக்கும் பக்கம் வராது. தளம் முழுவதுமாக நிமிடத்துக்கு ஐந்து பக்கங்களைத்தான் தர முடியும்.

அதே இடத்தில் 3 விநாடி என்று வரம்பு வைத்திருந்தால்? அந்த ஐந்து பணியாளர்கள் ஒரு நிமிடத்தில் 100 பக்கங்களைத் தந்துவிடுவார்கள். விலை இருக்கும் இடத்தில் மட்டும் "இப்போது விலை கிடைக்கவில்லை" என்று வரும். இன்னும் கொஞ்சம் அக்கறை எடுத்தால், கடைசியாகக் கிடைத்த விலையை அது கிடைத்த நேரத்துடன் காட்டலாம். கர்ல் பயன்படுத்தி வரம்பு எதுவும் வைக்காமல் விட்டிருந்தால், தளம் எப்போது மீளும் என்று சொல்லவே முடியாது.

சில தளங்களில் "504 கேட்வே டைம் அவுட்" என்ற செய்தியை நீங்கள் பார்த்திருக்கலாம். முன்னால் நிற்கும் வெப் சர்வர், பின்னால் உள்ள புரோகிராமுக்காகக் காத்திருந்து பொறுமை இழந்துவிட்டது என்பதே அதன் பொருள். உங்களுக்குச் செய்தி வந்துவிட்ட பிறகும், பின்னால் அந்தப் பணியாளர் காத்துக் கொண்டே இருக்கலாம். பிழை யாரோ ஒருவரின் சர்வரில். விழுந்து கிடப்பது உங்கள் தளம்.

வீட்டில் ஓடியது, சர்வரில் நின்றது

இங்கே கவனமானவர்கள் ஒன்று கேட்பார்கள். "பி.எச்.பி.யில் ஒரு புரோகிராம் 30 விநாடிக்கு மேல் ஓடினால் தானாக நின்றுவிடும் என்று படித்தோமே?" உண்மைதான். மேக்ஸ் எக்சிகியூஷன் டைம் என்ற செட்டிங் அதற்காகவே இருக்கிறது. அதன் டிபால்ட் 30 விநாடி. ஆனால் எந்த நேரத்தைக் கணக்கிடுகிறது என்பதில்தான் வேறுபாடு.

விண்டோஸில் இது சுவர்க் கடிகாரம் போல, கடந்து போகும் உண்மையான நேரத்தைக் கணக்கிடுகிறது. லினக்ஸில் புரோகிராம் உண்மையில் வேலை செய்த நேரத்தை மட்டுமே கணக்கிடுகிறது. நெட்வொர்க்கில் பதிலுக்காகச் சும்மா நின்ற நேரம் கணக்கில் சேராது. பத்து நிமிடம் காத்திருந்தாலும் லினக்ஸின் கணக்கில் அது ஒரு விநாடிக்கும் குறைவாக இருக்கலாம்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதிச் சோதிக்கிறார்கள். தளத்தை ஏற்றுவதோ பெரும்பாலும் லினக்ஸ் சர்வரில். வீட்டில் ஒரு பிழைச் செய்தியாவது கிடைத்த புரோகிராம், அங்கே எந்தச் செய்தியும் இல்லாமல் நிற்கும். எனவே இந்த 30 விநாடியைப் பாதுகாப்பு வேலியாக நம்பாதீர்கள். கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து இயக்கும்போது இந்த வரம்பு பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை என்பதையும் நினைவில் வைக்கவும்.

நீங்களே செய்து பாருங்கள்

படிப்பதைவிடச் செய்து பார்த்தால் மனதில் நிற்கும். எக்ஸாம்ப் தொகுப்பை இன்ஸ்டால் செய்திருந்தால் போதும். இன்டர்நெட் இணைப்பு கூடத் தேவையில்லை.

முதலில் பி.எச்.பி. ஐ.என்.ஐ. பைலை நோட்பேடில் திறந்து, எக்ஸ்டென்ஷன் ஈக்வல் சாக்கெட்ஸ் என்ற வரியைத் தேடுங்கள். அதன் முன்னால் அரைப்புள்ளி இருந்தால் அதை நீக்கிவிட்டு சேவ் செய்யுங்கள். அரைப்புள்ளி இருந்தால் அந்த வரி செயல்படாது.

இப்போது மவுனமான சர்வர் ஒன்றை எழுதுவோம். சாக்கெட் கிரியேட் மூலம் ஒரு சாக்கெட்டை உருவாக்குங்கள். சாக்கெட் பைண்ட் மூலம் 127.0.0.1 என்ற முகவரியையும் 9000 என்ற போர்ட் எண்ணையும் கொடுங்கள். இந்த முகவரி உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும். பிறகு சாக்கெட் லிசன். கடைசி வரியாக சிலீப் 600. அவ்வளவுதான். இந்தச் சர்வர் கதவைத் திறந்து வைத்துவிட்டு 10 நிமிடம் தூங்கும். எதையும் பேசாது.

அடுத்து இன்னொரு பைலில் கிளையன்ட் புரோகிராம். சாக்கெட் கிரியேட், அதே முகவரிக்கும் போர்ட்டுக்கும் சாக்கெட் கனெக்ட், பிறகு சாக்கெட் ரீட். இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் விண்டோக்களைத் திறந்து, ஒன்றில் சர்வரையும் மற்றதில் கிளையன்ட்டையும் இயக்குங்கள். கிளையன்ட் உடனே இணைந்துவிடும். சர்வரில் பதில் சொல்லும் வரி ஒன்று கூட இல்லாதபோதும் இணைப்பு கிடைத்துவிடுவதைக் கவனியுங்கள். இணைப்பை ஏற்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. இணைப்பு கிடைத்தது என்பதற்காக மறுமுனையில் புரோகிராம் விழித்திருக்கிறது என்று பொருள் அல்ல. அதன் பின் கிளையன்ட் ரீட் வரியில் நின்றுவிடும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அங்கேயே நிற்கும்.

விண்டோவை மூடிவிட்டு, கிளையன்ட்டில் ரீட் வரிக்கு முன்னால் சாக்கெட் செட் ஆப்ஷன் வரியைச் சேருங்கள். இதற்கு நான்கு தகவல்கள் தர வேண்டும். முதலாவது நீங்கள் உருவாக்கிய சாக்கெட். இரண்டாவது எந்த நிலையில் உள்ள ஆப்ஷன் என்பது, இங்கே எஸ்ஓஎல்_சாக்கெட். மூன்றாவது ஆப்ஷனின் பெயர்; எஸ்ஓ_ஆர்சிவிடிஐஎம்இஓ. ரிசீவ் டைம் அவுட் என்பதன் சுருக்கம் இது. நான்காவது நேரம். இதை ஓர் அரேயாகத் தர வேண்டும். செக் என்ற பெயரில் விநாடியும், யுசெக் என்ற பெயரில் மைக்ரோ செகண்டும். செக் 5, யுசெக் 0 என்று கொடுங்கள். யுசெக் என்பதை மில்லி செகண்ட் என்று நினைத்துவிடாதீர்கள். அரை விநாடி வேண்டுமென்றால் 500 அல்ல, 5,00,000 தர வேண்டும்.

மீண்டும் இயக்கினால் சரியாக 5 விநாடியில் ரீட் பங்ஷன் பால்ஸ் என்ற மதிப்பைத் தந்து திரும்பிவிடும். என்ன நடந்தது என்று சாக்கெட் லாஸ்ட் எர்ரர் பங்ஷனிடம் கேட்டால் விண்டோஸில் 10060 என்ற எண் கிடைக்கும். லினக்ஸில் அதே நிலைக்கு 11 கிடைக்கும். ஒரே ஒரு வரியைச் சேர்த்தோம். நின்று போன புரோகிராம் இப்போது பதில் சொல்கிறது.

எத்தனை விநாடி வைப்பது?

இங்கேதான் யோசனை தேவைப்படுகிறது. காத்திருப்பு ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, இணைப்புக்கான காத்திருப்பு. எதிர்முனைக் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தால், லினக்ஸ் டிபால்ட்டாக இரண்டு நிமிடத்துக்கும் மேலாக முயன்று கொண்டிருக்கும். எப்சாக்ஓப்பன் பங்ஷனில் ஐந்தாவதாகத் தரும் எண் இந்தக் காத்திருப்புக்கு மட்டும்தான். அதைக் கொடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர்.

இரண்டாவது, படிப்பதற்கான காத்திருப்பு. ஸ்ட்ரீம் வகையில் இதற்கு ஸ்ட்ரீம் செட் டைம் அவுட் என்ற பங்ஷனைத் தனியாகப் பயன்படுத்த வேண்டும். சாக்கெட் வகையில் நாம் மேலே பார்த்த ஆப்ஷன்.

மூன்றாவது, மொத்த வேலைக்கான காத்திருப்பு. ரிசீவ் டைம் அவுட் ஒவ்வொரு ரீட் அழைப்புக்கும் புதிதாகத் தொடங்கும். எதிர்முனை 4 விநாடிக்கு ஓர் எழுத்து வீதம் சொட்டுச் சொட்டாக அனுப்பினால், உங்கள் 5 விநாடி வரம்பு ஒருபோதும் தாண்டப்படாது, வேலையும் முடியாது. எனவே தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, ஒவ்வொரு ரீட்டுக்குப் பிறகும் மொத்தம் எவ்வளவு ஆனது என்று சரிபார்க்க வேண்டும். 2009ல் வெளியான ஸ்லோலோரிஸ் என்னும் தாக்குதல் கருவி இதே சொட்டுச் சொட்டான தந்திரத்தை மறுபக்கத்திலிருந்து செய்தது. சர்வருக்கு முழுமையடையாத கோரிக்கைகளை மெதுவாக அனுப்பி, அதன் இணைப்புகள் அனைத்தையும் பிடித்து வைத்துக் கொண்டது.

குறைவான எண்ணே நல்லது என்று முடிவு செய்துவிடவும் கூடாது. இமெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. முறைக்கான விதிகள் அடங்கிய ஆர்.எப்.சி. 5321 என்ற ஆவணம் 2008ல் வெளியானது. கடிதம் முழுவதையும் அனுப்பி முடித்த பிறகு, சர்வரின் இறுதிப் பதிலுக்கு 10 நிமிடம் வரை காத்திருக்கும்படி அது சொல்கிறது. காரணம் எளிது. சர்வர் கடிதத்தை வாங்கிக் கொண்டு "சரி" என்று சொல்லத் தாமதிக்கிறது. நீங்கள் அவசரப்பட்டுத் துண்டித்துவிட்டு மீண்டும் அனுப்புகிறீர்கள். ஒரே கடிதம் இரண்டு முறை போய்ச் சேர்கிறது.

கடிதம் இரண்டு முறை போனால் சிரித்துக் கொள்ளலாம். பணம் இரண்டு முறை போனால்? "கணக்கில் பணம் எடுத்துவிட்டார்கள், டிக்கெட் வரவில்லை" என்ற புலம்பலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்று பொருள் இல்லை. வேலை நடந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். எனவே பணம் தொடர்பான வேலைகளில் டைம் அவுட் ஆனதும் உடனே மறுபடி அனுப்பக் கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண்ணுக்கான வேலை முடிந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். விலையைக் கேட்பது, வானிலையைக் கேட்பது போன்ற, திரும்பச் செய்தாலும் தீங்கில்லாத வேலைகளில் மட்டுமே தயக்கமின்றி மீண்டும் முயலலாம்.

ஆக, எண்ணைத் தீர்மானிக்க ஒரு கேள்வி போதும். இந்தப் பதிலுக்காக மறுபக்கத்தில் யார் காத்திருக்கிறார்? மனிதர் திரை முன் உட்கார்ந்திருந்தால் சில விநாடிகள். யாரும் பார்க்காத இரவு நேர வேலை என்றால் சில நிமிடங்கள். எதுவானாலும் ஓர் எண் இருக்க வேண்டும்.

எல்லா ஆப்ஷனையும் தொட வேண்டுமா?

வேண்டாம். இதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாக்கெட் செட் ஆப்ஷன் பற்றித் தெரிந்ததும், "வேகம் கூடும்" என்ற ஆசையில் கண்ணில் படும் ஆப்ஷன்களை எல்லாம் காப்பி செய்து ஒட்டுபவர்களும் உண்டு.

டிசிபி_நோடிலே என்ற ஆப்ஷனை எடுத்துக் கொள்வோம். ஒரே ஓர் எழுத்தை நெட்வொர்க்கில் அனுப்பினாலும் அதன் மேல் 40 பைட் முகவரித் தகவல் ஏற வேண்டும். தபால் தலையைவிடக் கடிதம் சிறியதாக இருப்பது போல. ஜான் நேகிள் 1984ல் போர்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது இதற்கு ஒரு வழி சொன்னார். முன்பு அனுப்பியதற்கு ஒப்புதல் வரும் வரை சிறு துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பலாம் என்பதே அது. நோடிலே ஆப்ஷன் இந்தச் சேர்த்து வைத்தலை நிறுத்துகிறது. சிறு சிறு செய்திகளை அடிக்கடி பரிமாறும் விளையாட்டு, அரட்டை போன்றவற்றில் இது தாமதத்தைக் குறைக்கும். ஒரே கோரிக்கையை அனுப்பி ஒரே பதிலை வாங்கும் புரோகிராமுக்கு இதனால் பயன் ஏதும் பெரிதாக இல்லை.

ரீயூஸ் அட்ரஸ் ஆப்ஷன் சர்வர் எழுதுபவர்களுக்கு உரியது. சர்வரை நிறுத்தி உடனே மீண்டும் இயக்கினால், "முகவரி பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழை லினக்ஸில் வரும். அதைத் தவிர்க்க, பைண்ட் செய்வதற்கு முன் இதை வைக்க வேண்டும். ஆனால் விண்டோஸில் இதே ஆப்ஷனின் பொருள் வேறு. ஓடிக் கொண்டிருக்கும் ஒரு சர்வரின் போர்ட்டை இன்னொரு புரோகிராம் பறித்துக் கொள்ளக் கூட அது இடம் தரும். பெயர் ஒன்று என்பதற்காக நடத்தையும் ஒன்றாகிவிடாது.

கீப் அலைவ் ஆப்ஷன், பேச்சு இல்லாத இணைப்பில் எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும். பலர் இதை டைம் அவுட்டுக்குப் பதிலாக வைத்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் இதன் முதல் சோதனை டிபால்ட்டாக 2 மணி நேரத்துக்குப் பிறகுதான் நடக்கும். தங்க விலை அதற்குள் மாறிவிடும்!

பஃபர் அளவை மாற்றும் ஆப்ஷன்கள் இன்னும் மோசம். லினக்ஸ் தேவைக்கேற்ப இந்த அளவைத் தானே கூட்டிக் குறைத்துக் கொள்கிறது. ரிசீவ் பஃபருக்கு நீங்கள் ஓர் எண் கொடுத்தால் அந்தத் தானியங்கி வசதி அந்தச் சாக்கெட்டில் நின்றுவிடும். வேகம் கூடுவதற்குப் பதில் குறையலாம்.

ஆகவே என் விதி இதுதான். காத்திருக்கும் நேரத்தை எப்போதும் வையுங்கள். மற்றவற்றை, காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் தொடுங்கள்.

"இதெல்லாம் பழைய சமாசாரம்"

இப்போது யார் நேரடியாக சாக்கெட் எழுதுகிறார்கள், எல்லாவற்றையும் லைப்ரரி பார்த்துக் கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். பி.எச்.பி.யில் பலரும் பயன்படுத்தும் கஸல் லைப்ரரியில் டைம் அவுட்டின் டிபால்ட் பூஜ்யம், முடிவில்லாமல் காத்திருக்கும். பைதான் மொழியில் புகழ்பெற்ற ரெக்வஸ்ட்ஸ் லைப்ரரியும் நாம் சொல்லாவிட்டால் வரம்பு வைப்பதில்லை. மேலே எத்தனை அடுக்கு வந்தாலும் அடியில் இருப்பது அதே சாக்கெட். அதைத் தெரிந்தவருக்கு, லைப்ரரியின் கையேட்டில் முதலில் எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்பது தெரியும்.

நான் வேலை செய்யும் இடத்தில், புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் புரோகிராம்களைப் படித்துப் பார்ப்பது என் பணிகளில் ஒன்று. அழகாக எழுதுகிறார்கள், விரைவாகவும் எழுதுகிறார்கள். "எதிர்ப்பக்கம் பேசாவிட்டால்?" என்று கேட்டால்தான் திகைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் செய்த பயிற்சிகள் அனைத்திலும் எதிர்ப்பக்கம் உடனே பேசியது. ஒரே கம்ப்யூட்டரில் சர்வரும் கிளையன்ட்டும் ஓடும்போது அது பேசத்தானே செய்யும்?

அதனால் பயிற்சி மையங்களுக்கும் புத்தகம் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நெட்வொர்க் பயிற்சியிலேயே, பேசும் சர்வருடன் மேலே சொன்ன தூங்கும் சர்வரையும் கொடுங்கள். இரண்டிடமும் சரியாக நடந்து கொள்ளும் புரோகிராமுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

வீட்டில் தனியாகக் கற்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நீங்கள் இதுவரை எழுதிய பைல்களைத் திறந்து, வேறொரு கம்ப்யூட்டரிடம் பேசும் வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: இணைப்புக்கு ஓர் எண், படிப்பதற்கு ஓர் எண், நேரம் கடந்தால் பயனாளருக்குச் சொல்ல ஒரு வாக்கியம். இல்லாத இடங்களில் இன்றே சேர்த்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.